சாட்சிகள் முன்னிலையில் ஒரு பிலிம் சுருள்

விவரங்கள் முதலில். தம்பிக்கு வயது முப்பத்தேழு. கடைகளிலும் கிடங்குகளிலும் உள்ள எடைத் தராசுகளைப் பழுது பார்ப்பது தொழில். அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு; சந்திப்பு ரயில் நிலையத்தின் வடக்குக் கேபினில் லீவர் இழுப்பது பணி; அதில் பத்தொன்பது ஆண்டு. இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள், அக்கா மாடியிலும் தம்பி தன் மனைவியோடு கீழேயும். சம்பவம் நடந்தது ஒரு சனிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு. வண்டி, தினமும் ஓடும் பயணிகள் ரயில். பெட்டி, இஞ்சினிலிருந்து மூன்றாவது. இருக்கை, இடப்பக்க சன்னலோரம். தம்பியின் கேமராவில் இருந்த பிலிம் சுருளில் முப்பத்தாறு படங்களுக்கு இடம். முப்பத்து நான்கு எடுக்கப்பட்டிருந்தன. கேபின் மூடப்படுவதற்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது.

இவற்றில் ஒன்றையும் யாரும் மறுக்கவில்லை, பின்னால் விசாரணை நடத்தியவர்கள் உட்பட. ஒன்றையும் மறுக்காமலேயே ஒரு பெண்ணின் வேலையைப் பிடுங்க முடிந்தது என்பதற்காகத்தான் இது எழுதப்படுகிறது.

கேபின் என்பது தண்டவாளத்தை ஒட்டி மாடி உயரத்தில் நின்ற, மூன்று பக்கமும் கண்ணாடி பதித்த அறை. உள்ளே நாற்பத்தெட்டு இரும்புக் கைப்பிடிகள் வரிசையாக நிற்கும். ஒன்றை இழுத்தால் தொலைவில் கைகாட்டி இறங்கும்; இன்னொன்றை இழுத்தால் தண்டவாளம் பாதை மாறும். வெறுங்கையால் இழுத்தால் வியர்வை பட்டு இரும்பு துருப்பிடிக்கும் என்பதால், கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் லீவரைத் தொட வேண்டும். அக்காவின் துணி நீலம். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “நாப்பத்தெட்டு பேரைக் கட்டி மேய்க்கிறேன், இன்னும் ஒருத்தனா?” என்று வாயை அடைத்துவிடுவார்.

கேபின் போகிறதே என்று அக்கா கண்ணீர் விட்டதாக யாராவது நினைத்தால் அது தப்பு. அதற்குப் பதிலாக வரவிருந்த பேனல் அறையில் உட்கார்ந்துகொண்டு பொத்தானை அழுத்தினால் போதும். “முதுகெலும்பு எனக்கே திரும்பி வருது” என்று அவர் குதித்துக்கொண்டிருந்தார். பேனல் பயிற்சிக்கு நடந்த தேர்வில் அவருக்குத் தொண்ணூற்றொரு மதிப்பெண். அடுத்த ஆளுக்கு அறுபத்திரண்டு.

தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தராசு பார்க்க ஊர் ஊராக ரயிலில் போகிறவர். பன்னிரண்டு ஆண்டுகளாக ரயிலிலிருந்து ரயில் சம்பந்தப்பட்டவற்றையே படமெடுத்து வந்தார்: எதிரே வரும் வண்டி, பாலத்தின் தூண், தண்ணீர்த் தொட்டி, கைகாட்டி, கிலோமீட்டர் கல். வீட்டில் அவருக்குப் பெயரே ‘கிலோமீட்டர்’. ஓடும் வண்டியின் சன்னலிலிருந்துதான் எடுப்பார். இறங்கி நின்று ஒரு படமும் எடுத்ததில்லை. “பயணி கண்ணுக்கு எது தெரியுதோ அதுதான் படம்” என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி உண்டு: சுருள் எண், பட எண், தேதி, வண்டி, எந்தப் பக்கத்துச் சன்னல், அருகிலுள்ள கிலோமீட்டர் கல். அவர் மனைவி ஒருமுறை அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, “கல்யாண நாளைத் தவிர எல்லாத் தேதியும் இருக்கு” என்று மூடிவைத்தார்.

அந்தக் கேபினுக்குள் அவர் காலடி வைத்ததே இல்லை. அக்கா விடமாட்டார். ஒருமுறை அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தபோதுகூட அக்கா கீழே இறங்கி வந்து வாங்கிக்கொண்டாரே தவிர, பெற்ற தாயைப் படியில் ஏறவிடவில்லை. வெளியாள் உள்ளே வரக் கூடாது என்பது விதி. அந்த விதியை அந்த நிலையத்தில் மனப்பூர்வமாக மதித்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

அந்தச் சனிக்கிழமை கேபினருகே வண்டி வேகம் குறைந்து ஊர்ந்தது. அக்கா காலைப் பணியில் இருந்தார். தம்பி சன்னலுக்கு வெளியே கேமராவை நீட்டி நான்கு படம் எடுத்தார், முப்பத்தொன்று முதல் முப்பத்து நான்கு வரை. அக்கா கையசைக்கவில்லை, பணியில் இருக்கும்போது அசைக்கமாட்டார். நடைமேடையில் வண்டி நின்றதும் ரயில்வே காவலர் ஒருவர் பெட்டியில் ஏறினார்.

“யோவ், எதைப் படம் எடுத்தே?”

“கேபினை சார்.”

“எதுக்கு?”

“இன்னும் இருபத்து மூணு நாள்ல இடிச்சிடுவாங்க. அதுக்குள்ள எடுத்துடலாம்னு.”

“உனக்கு யார் சொன்னது?”

“நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கே, பார்க்கலையா?”

கடைசிச் சொல்லை அவர் விழுங்கியிருக்கலாம். காவலர் அவரை இறக்கி அறைக்குக் கூட்டிப்போய் அறிக்கை எழுத உட்கார்ந்தார். எழுதுவதை எழுத எழுத வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் அவருக்கு. “முப்பது லீவர்கள் உடைய சிக்னல் கேபினை...”

“நாப்பத்தெட்டு சார்.”

“என்னது?”

“லீவர் நாப்பத்தெட்டு. அதுல ஆறு சும்மா நிக்குது, வெள்ளை பெயின்ட். வேலை செய்யறது நாப்பத்திரண்டு. இந்த வண்டிக்குக் கைகாட்டி இறக்கணும்னா முதல்ல ஒன்பதை இழுக்கணும், அப்புறம்தான் பதினேழு நகரும்.”

காவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். “வெள்ளை பெயின்ட் அடிச்சது வெளியே இருந்து தெரியுமா?”

“எனக்குத் தெரியும் சார்” என்றார் தம்பி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஒரு குன்றிமணி எடை கூடினாலும் தராசைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி மாட்டுகிறவர். கண்ணெதிரே பதினெட்டு லீவர் குறைவதை எப்படிப் பொறுப்பார்? அத்தனையும் அவர் வீட்டுச் சமையலறையில் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டது. பத்தொன்பது ஆண்டாக அக்கா சாப்பிடும்போது வேறெதையும் பேசியதில்லை. ஆனால் சமையலறை காவலரின் அறிக்கையில் இடம்பெறவில்லை. கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்கள். தம்பியையே சுற்றி எடுத்துத் தரச் சொல்லி, சுருளை மட்டும் தகர டப்பாவில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள்.

மூன்றாம் நாள் அக்கா ஒரு தாளோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“டேய் கிலோமீட்டர், வா இங்க. இதைப் படி.”

பணி நேரத்தில் வெளியாளைக் கேபினுக்குள் அனுமதித்ததாகக் குற்றச்சாட்டு. சனிக்கிழமை என்று அதில் இல்லை; ‘முன்னர் ஏதோ ஒரு நாளிலோ பல நாட்களிலோ’ என்று இருந்தது. நிரூபணமானால் பாதுகாப்புப் பணி எதிலும் அவர் இருக்க முடியாது. பேனல் அறை அதோடு சரி.

“நீ உள்ள வந்தியாடா?”

“இல்லையே அக்கா.”

“வரலைன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்? நாப்பத்தெட்டையும் ஒப்பிச்சிட்டு வந்திருக்கே. பரிசு குடுப்பாங்கன்னு நெனைச்சியா?”

“அவர் முப்பதுன்னு எழுதினாரு.”

“எழுதிட்டுப் போறான்! அவன் முப்பதுன்னு எழுதினா என் கேபின்ல பதினெட்டு லீவர் உதிர்ந்து விழுந்துடுமா?”

தம்பியின் மனைவி இடையில் புகுந்தார். “அண்ணி, சாப்பிட்டுட்டுத் திட்டுங்க.”

“ரெண்டையும் சேர்த்தே செய்யறேன், நீ போடு.”

தம்பிக்கு அப்போதுதான் வழி தோன்றியது. அந்தச் சுருளில் இருந்த முப்பத்து நான்கு படங்களும் ஆறு வாரங்களில் எடுத்தவை. கேபின் மட்டுமே பதினொரு படங்களில், வெவ்வேறு நாட்களில். ஒவ்வொன்றிலும் கேபின் கீழிருந்து மேலாகத்தான் தெரியும். ஓரத்தில் எங்காவது ரயில் பெட்டியின் ஒரு துண்டு விழுந்திருக்கும். உள்ளே போய் வரக்கூடிய ஆள் வெளியிலிருந்து அப்படி அல்லாடுவானா? சுருளைக் கழுவிப் பார்த்தால் பேச்சு முடிந்தது.

அவர் மனு எழுதினார். நான்கு முறை எழுதினார். அவருடைய பயமெல்லாம் அவர்கள் சுருளை மாற்றிவிடுவார்கள் என்பதுதான். ஆகவே சுருளின் நிறுவனப் பெயர், வகை, டப்பாவின் நிறம், அரக்கு முத்திரையில் இருந்த ஒரு கீறல் உட்பட எல்லாவற்றையும் குறித்தார். ‘மேற்படி முத்திரை கலையாமல் இருப்பதை உறுதிசெய்து, சுருளை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் திறந்து முழுமையாகப் பரிசோதிக்க வேண்டுகிறேன்’ என்று முடித்தார். மனைவி கேட்டார், “எல்லாம் எழுதிட்டீங்களா?” அவர் மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, “ஒரு புள்ளிகூட விடலை” என்றார்.

விசாரணை பதினாறாம் நாள், நிலையத்தின் மாடி அறையில் நடந்தது. பெரிய மேசை, தேநீர்க் குவளைகளின் வட்ட வட்டக் கறை, தலைக்கு மேல் மின்விசிறி, தண்டவாளங்களைப் பார்த்த பெரிய சன்னல். விசாரணை அதிகாரி ஒழுங்கான மனிதர். மேசையில் பென்சில்கள் நீளவாரியாக அடுக்கியிருந்தன. முதல் சாட்சி பார்சல் எழுத்தர். இரண்டாவது சாட்சிக்கு ஆள் கிடைக்காமல், வராந்தாவில் குழல்விளக்கு மாட்டிக்கொண்டிருந்த மின்பணியாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். விளக்கு அவர் மடியில் இருந்தது. அக்கா மேசைக்கு எதிரே நின்றார். தம்பியின் முறை பிறகுதான் என்று அவரை வெளியே விசுப்பலகையில் உட்காரச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது.

அதிகாரி மனுவை முழுவதும் உரக்கப் படித்தார். முத்திரையில் கீறல் இருப்பதைச் சாட்சிகளுக்குக் காட்டினார். அரக்கைச் சுரண்டி ஒரு தாளில் சேகரித்தார். டப்பாவைத் திறந்தார். சுருளை எடுத்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிலிம் நாக்கைப் பிடித்து இழுத்தார்.

“சார், அதை வெளிச்சத்துல...” என்று ஆரம்பித்தார் மின்பணியாளர்.

“சாட்சி பேசக் கூடாது. பார்த்தா போதும்.”

கதவிடுக்கில் பழுப்பு நாடா ஒரு முழம் நீண்டதைத் தம்பி பார்த்தார். எழுந்து ஓடுவதற்குள் இரண்டு முழம். கதவருகே நின்ற அலுவலகப் பணியாள் குறுக்கே கை போட்டுத் தடுத்தார்.

“ஐயோ, இழுக்காதீங்க! உள்ள விடுங்க சார், உள்ள விடுங்க!”

அதிகாரி அவசரப்படவில்லை. கடைசி வரை இழுத்து, இரண்டு கையாலும் விரித்து, சன்னல் பக்கம் திரும்பிக் காலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். இப்பக்கம் திருப்பிப் பார்த்தார், அப்பக்கம் திருப்பிப் பார்த்தார். பார்சல் எழுத்தரிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையே” என்றார் அதிகாரி.

பணியாளின் கையைத் தள்ளிவிட்டுத் தம்பி உள்ளே வந்தார். “அதை இருட்டறையில கழுவணும் சார். வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே.”

“இருட்டறையா?” அதிகாரி மனுவை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். “இதுல எங்க இருக்கு, காட்டுங்க. சாட்சி முன்னாடி திறக்கணும்னு எழுதினீங்க, திறந்தோம். முழுசா பார்க்கணும்னு எழுதினீங்க, ஒரு அங்குலம் விடாம பார்த்தோம். இருட்டுல திறந்திருந்தா சாட்சி எதைப் பார்க்கறது?”

தண்ணீர் கேட்கிறவர் ‘குவளையில்’ என்று சேர்த்துச் சொல்வதில்லை. பன்னிரண்டு ஆண்டு படமெடுத்தவருக்கு, சுருளைப் பரிசோதிப்பது என்றால் கழுவிப் பார்ப்பது என்றே பொருள். அதை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கீறலை எழுதத் தோன்றிற்று. தோன்றாதது அவர் பிழைதான். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் பிலிம் என்ற பொருளைக் கேள்வியே படாதவர்களா? அவர்கள் சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டைகளில் ஒட்டியிருந்த முகங்கள் எங்கிருந்து வந்தன? தெரிந்த ஒரே மனிதர் மடியில் விளக்கோடு வாயைத் திறந்தார்; பேசக் கூடாது என்றார்கள்.

குறிப்பில் எழுதப்பட்டது இது: ‘மனுதாரரின் கோரிக்கைப்படி சுருள் சாட்சிகள் முன்னிலையில் திறந்து பரிசோதிக்கப்பட்டது. படம் எதுவும் காணப்படவில்லை.’ முடிவில் எழுதப்பட்டது இது: ‘வெளியிலிருந்து படமெடுத்ததாகக் கூறுவதற்கு ஆதாரம் இல்லை. லீவர்களின் எண்ணிக்கை, நிறம், இழுக்கும் வரிசை ஆகியவற்றை மனுதாரர் அறிந்திருப்பது ஐயத்துக்கு இடமின்றிப் பதிவாகியுள்ளது.’ தம்பி பயணச் சீட்டை நீட்டினார். “இது நீங்க வண்டியில வந்ததைக் காட்டும். கேபினுக்குள்ள போகாததை எப்படிக் காட்டும்?” என்று சீட்டைத் திருப்பித் தந்தார்கள். நோட்டை நீட்டினார். “நீங்களே எழுதினது” என்றார்கள்.

விசாரணை முடிந்து அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள். படியிறங்கி, சரக்குக் கொட்டகையைத் தாண்டி, வெளி வாசலுக்கு வந்ததும் அக்கா கேட்டார்.

“மனுவை எத்தனை தடவை எழுதினே?”

“நாலு.”

“நாலு தடவையும் தோணலை?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு அக்கா...”

“எல்லாருன்னா யாருடா? உன்னை மாதிரி நாலு கிறுக்கனுங்க. ஊருல பாதிப் பேருக்கு அது வெறும் நாடா, அவ்வளவுதான்.” சிறிது தூரம் நடந்த பிறகு திரும்பினார். “அந்த ஆள் இழுக்க இழுக்க நானும்தான் பார்த்துட்டு நின்னேன். எனக்கும் தெரியாதுடா. எனக்கே தெரியாது. பன்னிரண்டு வருஷமா என் பக்கத்துல உக்காந்து சாப்பிடறியே, இதை ஒரு நாள் சொன்னியா? நான் மட்டும் நாப்பத்தெட்டையும் உனக்குச் சொன்னேன்.”



கேபின் மூடப்பட்ட நாளில் பேனல் அறையில் போய் உட்கார்ந்தவர் அறுபத்திரண்டு மதிப்பெண்காரர். அக்காவைப் பார்சல் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. பசைக் கிண்ணம், தூரிகை, முதுகில்லாத முக்காலி. அவருக்குத் திரும்பி வருவதாக இருந்த முதுகெலும்பு வரவே இல்லை. நீலத் துணியைப் பசை துடைக்கப் பயன்படுத்தினார். “கைகாட்டி இறக்கின கைக்கு ஒட்டுற வேலை கொடுத்திருக்காங்க, ஒட்டிக்கிட்டு கிடக்கறேன்” என்பார், கேட்கிறவர் முகத்தைப் பார்க்காமல். “என்னைப் படம் கிடம் எடுத்தே, கையை ஒடிச்சிடுவேன்” என்று தம்பியை எச்சரித்தும் வைத்திருந்தார்.

தம்பி மேல்முறையீட்டு மனுக்கள் பதினொன்று எழுதினார். கழுவ எந்தச் சுருளும் மிச்சமில்லாத நிலையிலும், பதினொன்றிலும் ‘இருட்டறை’ என்ற சொல்லை எழுதி அடிக்கோடிட்டார். ஏழுக்குப் பதில் வந்தது. ஏழிலும் ஒரே வாசகம்: பரிசீலனையில் உள்ளது. கெட்டுப்போன சுருளை மட்டும், ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் அதைக் கழுவினார். ஓரத்து எண்கள்கூடத் தெரியாத முழுக் கறுப்பு.

பன்னிரண்டாம் ஆண்டு அதே அலுவலகத்திலிருந்து அச்சிட்ட கடிதம் ஒன்று வந்தது. பழைய சிக்னல் கேபின்களின் படங்களைக் கண்காட்சியில் வைக்கப் போகிறார்களாம். இத்துறையில் ஆர்வலராகிய தாங்கள் தங்கள் அரிய சேகரிப்பிலிருந்து அனுப்பி உதவ வேண்டுமாம். தம்பி கடிதத்தைக் கிழிக்கப் போனார். அக்கா கையைப் பிடித்தார்.

“கிழிக்காதே. அந்தக் கறுப்பை எடுத்துட்டு வா. நோட்டையும் எடு.”

இருவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். தம்பி நோட்டிலிருந்து படித்தார்: “முப்பத்தொண்ணு. சனிக்கிழமை. கேபின், இடப்பக்கச் சன்னல்.”

“அது போதாது. நான் சொல்றதை எழுது. முப்பத்தொண்ணு, ஒன்பதை இழுக்கறேன். முப்பத்திரண்டு, இழுத்தாச்சு, பதினேழு மேல கை. துணி நீலம். முப்பத்து மூணு, கைகாட்டி இறங்கிடுச்சு. முப்பத்து நாலு, என் தம்பி சன்னல்ல தொங்கிட்டு வர்றான், விழுந்து தொலைக்கப் போறான்னு பார்க்கறேன்.”

தம்பி எழுதினார். முப்பத்து நான்கு படங்களுக்கும் விளக்கம் எழுதி, கறுப்பு நாடாவை ஆறாறாக வெட்டி ஒட்டி, முத்திரையின் கீறல் முதற்கொண்டு எல்லாவற்றையும் தலைப்பில் குறிப்பிட்டு அனுப்பினார்கள். நாற்பது நாளில் பொட்டலம் திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு: ‘படங்கள் தெளிவாக இல்லாமையால் ஏற்க இயலவில்லை.’

அக்கா சிரித்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தம்பியின் மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு அக்கா அந்தச் சீட்டை எடுத்து, பசை தடவி, தம்பியின் நோட்டில் அந்தச் சுருளுக்குரிய பக்கத்தில் கோணாமல் ஒட்டினார். ஒட்டும் வேலை அதற்குள் அவருக்கு நன்றாகவே வந்திருந்தது.

ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் ஓய்வு பெற்றார். அன்று தந்த பணிச் சான்றில் மூன்று வரிகள்தாம்.

வடக்குக் கேபின்: பத்தொன்பது ஆண்டு.

பேனல் அறை: இல்லை.

பார்சல் அலுவலகம்: பதினாறு ஆண்டு.